எந்தக் குட்டி உலகத்துக்குப் போகலாம்?

பயணத்தில் அரை நாள் மிஞ்சுகிறது. பக்கத்திலேயே ஒரு மினியேச்சர் பூங்கா இருப்பதாக வரைபடம் காட்டுகிறது. ஈபிள் கோபுரம், தாஜ்மகால், பிரமிடு, சுதந்திர தேவி சிலை எல்லாம் ஒரே வேலிக்குள். குடும்பத்தில் பாதிப் பேர் போகலாம் என்கிறார்கள். மீதிப் பேர் "பொம்மை பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முகம் சுளிக்கிறார்கள். இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். பத்தே நிமிடத்தில் சலித்துப்போய் வெளியேறும் வழியைத் தேடியதும் உண்டு. ஒரு மணி நேரம் என்று சொல்லி உள்ளே போய்விட்டு, கதவை மூடப் போவதாக அறிவிப்பு வரும்வரை நகராமல் நின்றதும் உண்டு.

இவ்வளவு வித்தியாசம் எதனால்? பூங்காக்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல என்பதால்தான். விளம்பரப் பலகையில் மட்டும் எல்லாம் ஒரே குரலில் பேசும்: இத்தனை நாடுகள், இத்தனை கட்டடங்கள், ஒரே நாளில் உலகச் சுற்றுலா. பெரும்பாலோர் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 130 மாதிரிகள் இருக்கும் பூங்கா, 80 இருக்கும் பூங்காவைவிட உசத்தி என்று நினைக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்லும் எண் வேறு. அசலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள்? எல்லாக் கட்டடங்களையும் அதே கணக்கில்தான் சுருக்கினார்களா, அல்லது ஒவ்வொன்றையும் தோன்றிய அளவில் கட்டி வைத்தார்களா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் அங்கே உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்; கடினமான கணக்கு இல்லை. திறந்தவெளிப் பூங்காக்களில் அதிகம் புழங்குவது 1:25 என்ற விகிதம். அசலில் 25 மீட்டர் என்றால் இங்கே ஒரு மீட்டர். 330 மீட்டர் ஈபிள் கோபுரம் 13 மீட்டராகிவிடும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். 73 மீட்டர் தாஜ்மகால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுமார் 56 மீட்டர் உயரமுள்ள பைசா கோபுரம் இரண்டேகால் மீட்டர். மனிதர்கள் ஆள்காட்டி விரல் நீளம், அதாவது ஏழு சென்டிமீட்டர்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நின்றுகொண்டிருக்கும் பெரியவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 25 ஆல் பெருக்கினால் 40 மீட்டர். அப்படியென்றால் இந்தப் பூங்காவில் நீங்கள் பைசா கோபுரத்தைப் பார்ப்பது தெருவில் நிற்கும் பயணியைப் போல அல்ல. எதிரே ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம் இருந்து, அதன் மொட்டைமாடியில் நிற்பவரைப் போல. அசலுக்கே போய் வந்தவர்களுக்கும் கிடைக்காத பார்வை இது. கூரைகள் தெரியும். முற்றங்கள் தெரியும். ஒரு பேராலயத்தின் தரைப்படம் சிலுவை வடிவம் என்று படித்தது சட்டென்று கண்ணுக்குப் புரியும். மூன்று வயதுக் குழந்தைக்கு இதே இடம் இருபதாவது மீட்டரிலிருந்து தெரிகிறது. அதனால்தான் குழந்தைகள் சில மாதிரிகளின் முன்னால் அசையாமல் நிற்கின்றன. அவற்றுக்கு அது இன்னும் கட்டடமாகவே இருக்கிறது. நமக்குத்தான் அதற்குள் வரைபடமாகிவிட்டது.

விகிதம் 1:3 ஆனால் கதையே வேறு. அப்போது உங்கள் கண் ஐந்து மீட்டர் உயரத்தில், முதல் மாடி பால்கனி அளவில்தான் இருக்கும். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பிரமிப்பு கிடைக்கும், மேலிருந்து பார்க்கும் சுகம் கிடைக்காது. ஆகவே விகிதம் என்பது எங்கே நின்று உலகைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும் எண். தேர்வை இதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

உலகம் முழுவதையும் ஒரே விகிதத்தில் காட்டும் பூங்காக்களில் நான் முதலில் சொல்வது இரண்டை. ஒன்று, ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் நகரில், வோர்தர் ஏரிக்குப் பக்கத்தில் 1958 இல் தொடங்கிய மினிமுண்டுஸ். மற்றது, ஜப்பானில் நிக்கோ நகரின் கினுகாவாப் பகுதியில் 1993 இல் திறக்கப்பட்ட டோபு வேர்ல்டு ஸ்கொயர். இரண்டும் 1:25. முதலாவதில் சுமார் 150 மாதிரிகள், இரண்டாவதில் 102. எண்ணிக்கையில் மினிமுண்டுஸ்தான் முந்துகிறது. ஆனாலும் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் டோபுவைத்தான் சொல்வேன்.

காரணம் மனிதர்கள். டோபுவில் ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் 1,40,000 பொம்மை மனிதர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மனிதர் இல்லாத மாதிரிக் கட்டடம் கட்டடக்கலை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் போன்றது. எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எவ்வளவு பெரிது என்று கண்ணுக்கு உறைக்காது. அதன் படிக்கட்டில் விரல் நீளத்துக்கு ஒருவரை நிறுத்திவிட்டால் போதும், தூண் திடீரென்று வானத்துக்கு எழும்பிவிடும். கூடவே ஏறக்குறைய 20,000 குட்டி மரங்கள், போன்சாய் முறையில் வளர்த்துக் கத்தரித்தவை. பத்து மீட்டர் மரம் 1:25 இல் 40 சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் ஒரு கிளை வளர்ந்தாலும் பக்கத்துக் கட்டடம் பொம்மை வீடாகிவிடும். கட்டடத்தை ஒரு முறை கட்டினால் போதும்; மரத்தை ஒவ்வொரு பருவத்திலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மினியேச்சர் பூங்கா எவ்வளவு அக்கறையாக நடக்கிறது என்பதை நான் மரங்களை வைத்துத்தான் முதலில் எடைபோடுகிறேன்.

ஒரே விகிதம் தரும் இன்னொரு பரிசு ஒப்பீடு. பெரிய பிரமிடின் இன்றைய உயரம் சுமார் 138 மீட்டர். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தின் உச்சி சுமார் 136 மீட்டர். ஒன்றை மணலும் வானமும் சூழப் பார்க்கிறோம், மற்றதை நகரத்துக்கு நடுவே பார்க்கிறோம். இரண்டு இடத்துக்கும் போனவர்களுக்குக்கூட இவை ஏறக்குறைய ஒரே உயரம் என்று தோன்றியிருக்காது. 25 இல் ஒரு பங்காக்கினால் இரண்டும் ஐந்தரை மீட்டர். சுதந்திர தேவி சிலையும் அப்படித்தான். பீடத்தோடு சேர்த்து 93 மீட்டர். லண்டனின் பிக் பென் கோபுரம் 96 மீட்டர். தாஜ்மகால் பிரமிடில் பாதிதான் என்பதை எண்ணாகப் படித்திருந்தாலும் நேரில் பார்த்தால் மனம் ஒப்பாது. நம் மனத்தில் எல்லா உலக அதிசயங்களும் ஒரே அளவு அஞ்சலட்டையில்தான் இருக்கின்றன. அந்த அஞ்சலட்டைக் கணக்கை இந்தப் பூங்காக்கள் உடைத்துவிடுகின்றன.

டோபுவின் நியூயார்க் பகுதியில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் நிற்கின்றன. அசலில் 417 மீட்டர். இங்கே பதினாறரை மீட்டருக்குச் சற்று மேல். 1993 இல் கட்டியதை அப்படியே வைத்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி 2012 இல் திறந்த டோக்கியோ ஸ்கைட்ரீயின் மாதிரியும் நிற்கிறது. அசல் 634 மீட்டர் என்பதால் குட்டியே 25 மீட்டரைத் தாண்டுகிறது. அண்ணாந்து பார்க்க வேண்டிய மினியேச்சர்!

போய்ச் சேருவதில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. டோபுவுக்கு டோக்கியோவின் அசகுசாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 2017 இல் பூங்காவின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள் என்பதால் இறங்கியபின் அலைச்சல் இல்லை. ஆனாலும் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். நிக்கோவின் கோயில்களையும் சேர்த்துத் திட்டமிட்டால் வீணாகத் தோன்றாது. மினிமுண்டுஸ் அப்படியல்ல. வியன்னாவிலிருந்து வெனிஸ் போகும் ரயில் பாதையிலேயே கிளாகன்ஃபுர்ட் இருக்கிறது. வழியில் இறங்கி அரை நாள் சுற்றிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். அதற்கென்றே ஆஸ்திரியாவுக்குப் போகச் சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் போகிறவர் இறங்காமல் போனால் வருத்தப்படுவேன்.

அடுத்த ரகம் பிரம்மாண்டம். சீனாவின் ஷென்ஜென் நகரில் 1994 இல் திறந்த 'விண்டோ ஆஃப் தி வேர்ல்டு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 48 ஹெக்டேர் நிலம், சுமார் 130 மாதிரிகள். அங்கே ஈபிள் கோபுரம் 1:3 விகிதத்தில் 108 மீட்டர் உயரம். மேலே ஏறி நகரத்தைப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கட்டடம் அதே 1:3 அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம். ஈபிள் கோபுரத்தின் காலடியில் வேறொரு நாட்டின் பெருமை மொத்தமும் சுருண்டு கிடக்கும். எது பெரிது, எது சிறிது என்ற அறிவை இங்கே எதிர்பார்க்கவே கூடாது. எதிர்பார்த்தால் இருக்கும் தெளிவும் குழம்பிவிடும்.

முதலில் நான் இந்த ரகத்தை மட்டமாகத்தான் நினைத்தேன். பிறகு சில விஷயங்களில் மனம் மாறியது. முக்கியமாக நீர். கல்லைச் சுருக்கலாம், மரத்தைக்கூடக் கத்தரித்துச் சுருக்கலாம். நீரைச் சுருக்க முடியாது. ஒரு துளியின் பருமன் எங்கேயும் அதேதான். நயாகராவை 25 இல் ஒரு பங்காக்கினால் இரண்டு மீட்டர் அளவுக்கு நீர் வழியும் சுவர்தான் மிஞ்சும்; இரைச்சலும் புகைமூட்டமும் வராது. ஷென்ஜென் போல இடத்தை அள்ளிக் கொடுத்துக் கட்டும் நயாகராவில் அந்த இரைச்சலில் கொஞ்சமாவது காதில் விழும். சிற்பங்களும் இப்படித்தான். கோபுரம் முழுக்க மனித உருவங்கள் செதுக்கிய கோயிலை 1:25 இல் செய்தால் உருவங்கள் கடுகளவாகி, சுவர் சொரசொரப்பாக மட்டும் தெரியும். உள்ளே போக முடியாது என்பதும் ஒரு குறை. வளைவுக்கு அடியில் நடந்து போக வேண்டும், படியில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு விரல் நீள மனிதர்களின் ஊரில் வேலையில்லை.

ஆகவே இளைஞர் கூட்டமாகப் போகிறீர்கள், படங்கள்தான் முக்கியம், நாள் முழுக்க நடக்கக் கால் தாங்கும் என்றால் ஷென்ஜென் ரகம் பொருந்தும். மெட்ரோ நிலையம் வாசலிலேயே இருக்கிறது. வயதானவர்களோடு போனால் 48 ஹெக்டேர் என்பதை மறக்க வேண்டாம். அவ்வளவையும் நடந்தே பார்க்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை, உள்ளே மோனோ ரயில் ஓடுகிறது. பெய்ஜிங்கின் தென்மேற்கில் 1993 இல் திறந்த வேர்ல்டு பார்க்கும் கிட்டத்தட்ட இதே பரப்பு, இதே குணம். இரண்டில் ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றது தேவையில்லை.

லாஸ் வேகஸில் 1999 இல் திறந்த ஒரு விடுதி ஈபிள் கோபுரத்தைப் பாதி அளவில், சுமார் 165 மீட்டருக்கு எழுப்பியிருக்கிறது. அதன் கால்கள் சூதாட்டக் கூடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. பார்க்க வேடிக்கைதான். பூங்காக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

டெல்லியின் 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்காவைச் சேர்க்கலாம். 2019 இல் திறந்தது. ஏழே ஏழு மாதிரிகள்: தாஜ்மகால், பிரமிடு, ஈபிள், பைசா, கொலோசியம், ரியோவின் மீட்பர் கிறிஸ்து, சுதந்திர தேவி. சுமார் 150 டன் பழைய இரும்பில் செய்தவை. அருகில் போனால் வாகன உதிரிகள், குழாய்கள், சைக்கிள் பாகங்கள், மின்விசிறித் துண்டுகள் என்று அடையாளம் தெரியும். பின்னால் நகர்ந்தால் அவை மறைந்து குவிமாடம் வந்துவிடும். இங்கே விகித நேர்மையைத் தேடுவது தவறு. பொருள் எப்படி உருவமாகிறது என்பதுதான் விளையாட்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு மாலை நேரத்துக்குத் தாராளமாகத் தாங்கும். தெரியாமல் போனால் தாஜ்மகால் ஏன் பளிங்கு மாதிரி இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே திரும்புவீர்கள்.

மூன்றாவது ரகம் உலகத்தையே காட்டுவேன் என்று சொல்லாமல் ஒரு நாட்டையோ ஒரு கண்டத்தையோ மட்டும் எடுத்துக்கொள்வது. உலக அதிசயங்களைத் தேடுகிறவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இந்த ரகம்தான் முன்னே நிற்கிறது.

பிரஸ்ஸல்ஸில் உருண்டைகளைக் கோத்ததுபோல் நிற்கும் அட்டோமியம் கட்டடத்தின் காலடியில் 1989 முதல் இருக்கும் மினி யூரோப்பில் சுமார் 350 மாதிரிகள், 80 ஊர்கள், எல்லாம் 1:25. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தின் மாதிரியைச் செய்ய மட்டும் 24,000 மணி நேரத்துக்கு மேல் உழைப்பு போயிருக்கிறது. ஒரே ஆள் நாளுக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் உழைத்தால் பத்து வருடம்! வெசூவியஸ் எரிமலை வெடித்து காலடி அதிரும், பெர்லின் சுவர் விழும், ஏரியன் ராக்கெட் கிளம்பும். ஒரு கண்டத்துக்குள் நின்றுகொண்டதால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் கொடுக்க முடிந்திருக்கிறது. குழந்தைகளோடு பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டாம். மெட்ரோவில் ஹெய்ஸல் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்.

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் மதுரோடாம் இன்னும் குறுகியது. முழுக்க அந்த ஒரு நாடுதான். 1952 ஜூலை 2 இல் திறந்தது. பெயருக்குப் பின்னால் ஓர் இளைஞர் இருக்கிறார். ஜார்ஜ் மதுரோ, கரீபியக் கடலின் குராசோ தீவில் பிறந்து நெதர்லாந்தில் சட்டம் படித்தவர். நாஜிப் படையை எதிர்த்துப் போரிட்டு, பிடிபட்டு, 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டாஹாவ் (Dachau) வதை முகாமில் இறந்தார். அவர் ஒரே மகன். பெற்றோர் அவர் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழுந்த ஊர் இது. முதல் மேயராக அமர்ந்தவர் அப்போது 14 வயதான இளவரசி பெயாட்ரிக்ஸ். 1980 இல் அரசியாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பொம்மை ஊருக்கு நிஜ மேயர் என்பது சிரிப்பாக இருக்கலாம். அந்தப் பதவியைப் பிறகு பள்ளி மாணவர்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈபிளும் தாஜும் இங்கே இல்லை. நெதர்லாந்தில் சில நாள் தங்கப் போகிறவர் முதல் நாளே இங்கே போனால் மீதி நாள்களில் எதை நேரில் பார்க்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். கடைசி நாளில் போனால், பார்க்காமல் விட்டவற்றை எண்ணி வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

இஸ்தான்புல்லில் பொற்கொம்பு நீர்க்கரையில் 2003 இல் திறந்த மினியாதுர்க்கைச் சொல்ல வேறு காரணம் இருக்கிறது. அங்கே எஃபெசஸின் ஆர்ட்டெமிஸ் கோயிலும் ஹாலிகார்னசஸ் கல்லறை மாளிகையும் 1:25 இல் முழுதாக நிற்கின்றன. பண்டைய ஏழு அதிசயங்களில் சேர்ந்த இவ்விரண்டும் இருந்த நிலம் இன்றைய துருக்கியில்தான் இருக்கிறது. அசல்கள் இடிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த இடத்துக்குப் போனால் துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண்தான் தெரியும். அசலைப் பார்க்க முடியாதவன்தான் மாதிரிக்குப் போவான் என்று கேலி செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அசலே இல்லாதபோது?

இதுவரை சொன்னவை எல்லாம் வானத்துக்குக் கீழே இருப்பவை. ஐரோப்பியப் பூங்காக்களில் பல குளிர்காலத்தில் சில மாதம் மூடிவிடும். மினி யூரோப்கூட ஜனவரி தொடங்கிச் சில வாரம் திறக்காது. மழை என்றால் குடையோடு குனிந்து பார்க்க வேண்டும். வெயிலோ இன்னும் மோசம். மரமெல்லாம் முழங்கால் உயரம்தானே, நிழல் எங்கிருந்து வரும்? இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடுப்பகலில் மினியேச்சர் பூங்காவுக்குப் போவது மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுவது மாதிரி, காய்வது நாம்தான்.

பனியும் மழையும் பொருட்டில்லாத இடம் ஹாம்பர்க்கின் மினியாட்டூர் வுண்டர்லாண்ட். பழைய கிடங்குப் பகுதியில் 2001 இல் தொடங்கியது, விகிதம் 1:87, அடிப்படையில் ரயில் மாதிரி உலகம். ரோம், வெனிஸ், ரியோ எல்லாம் உண்டு. ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் கூடம் இருண்டு குட்டி நகரங்களில் விளக்குகள் ஏறும். 2011 இல் திறந்த விமான நிலையத்தில் விமானங்கள் ஓடுபாதையிலிருந்து எழும்பிப் போகும். 1:87 என்பதால் மனிதர்கள் இரண்டு சென்டிமீட்டர்தான். தரையில் வைத்தால் எறும்பு பார்ப்பதுபோல ஆகிவிடும் என்பதால் மேசை உயரத்தில் வைத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்திருக்கிறார்கள். கூட்டம் நெரியும், நேரம் குறித்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்காமல் போகக் கூடாது. கட்டடக்கலைக்காகப் போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரு ஜன்னலுக்குள் யாரோ பாத்திரம் கழுவுகிறார்களா, மொட்டைமாடியில் யாரோ சண்டை போடுகிறார்களா என்று தேடிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு ஒரு நாள் போதாது.

விகிதத்தையும் இடத்தையும் பார்த்தாயிற்று. மிச்சம் பராமரிப்பு. இதில்தான் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். பெயர் வேண்டாம். சுதந்திர தேவியின் தீப்பந்தக் கை முழங்கையோடு காணவில்லை. தாஜ்மகாலின் குளத்தில் பாசி. கொலோசியத்தை நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அங்கே இரண்டு காகங்கள் பிரமிடின் மேல் உட்கார்ந்திருந்தன. காகம் 45 சென்டிமீட்டர் என்றால் அந்த உலகத்தில் அது பதினோரு மீட்டர் பறவை. அன்று மனத்தில் நின்றது அந்தக் காட்சி மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக வேறொரு பூங்காவில் ஒரு பணியாளரைப் பார்த்தேன். செருப்பைப் பாதையோரம் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று, முற்றத்தில் விழுந்த சருகுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த நாலைந்து பொம்மை மனிதர்களை நிமிர்த்திவிட்டு, ஒருவரை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கால் உடைந்திருக்கும் போல. பெரியவர்கள் எல்லாரும் அரண்மனையை விட்டுவிட்டு அவரைத்தான் படம் எடுத்தார்கள்.

படம் என்றதும் ஒரு குறிப்பு. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் எவ்வளவு நல்ல மாதிரியும் பொம்மையாகத்தான் விழும். செல்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள்; லென்ஸ் தரைக்கு அருகே, குட்டி மனிதர்களின் கண் உயரத்துக்கு வந்துவிடும். பின்னணியில் நிஜ மனிதரின் கால் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். காலை அல்லது மாலைச் சாய்ந்த வெளிச்சம் இருந்தால் அசலா மாதிரியா என்று கேட்பார்கள்.

என் வரிசை இப்படி. கட்டடங்களில் ஆர்வம் இருக்கிறது, அசல்கள் பலவற்றையும் பார்த்தாயிற்று என்றால் டோபு, முடியாவிட்டால் மினிமுண்டுஸ். ஒரு நாட்டைச் சுற்றப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டின் பூங்கா, அதுவும் முதல் நாளில். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றால் பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கும் இடம். அந்த வயதில் அசையாத அதிசயம் அதிசயமே அல்ல. படத்துக்கும் கும்மாளத்துக்கும் ஷென்ஜென். மழைக்காலத்தில் ஹாம்பர்க்.

பட்டியலில் இல்லாத ஒரு பூங்காவின் வாசலில் நிற்கிறீர்கள் என்றால், உள்ளே தரும் வரைபடத்தில் விகிதம் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையா? ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைத் தேடிப் போய்த் தூண்களை எண்ணுங்கள். மூலைத் தூணையும் சேர்த்து முன்பக்கம் எட்டு, பக்கவாட்டில் பதினேழு இருக்க வேண்டும். சரியாக இருந்தால் நிதானமாகச் சுற்றுங்கள், வேலை தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள். முன்பக்கம் ஆறுதான் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் எண்ண வேண்டாம். குழந்தைகளைக் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டு, நிழலாக ஒரு பெஞ்சு கிடைக்கிறதா என்று பாருங்கள்.